முனீஸ்வரிக்குக் கேட்காத சத்தம்

மில் மூடிப் பதினோரு வருடமாகிறது. சிவபாண்டியின் காதுக்குள் மட்டும் அது இன்னும் மூன்று ஷிப்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பத்தொன்பது வயதில் நூற்பு மில்லுக்குள் போனவர். இருபக்கமும் எந்திரங்கள் இரைய, நடுவிலிருந்த சந்தில் அறுந்த இழைகளை ஒட்டவைத்தபடி இருபத்தெட்டு வருடம் நடந்தார். முதல் மாதம் தலை வலிக்கும், அப்புறம் பழகிவிடும் என்று சேர்ந்த அன்றைக்கே சொன்னார்கள். பழகத்தான் செய்தது. பழகிய சத்தம் திரும்பப் போகத்தான் மறுத்துவிட்டது.

இப்போது மதுரை கே.கே. நகரில் ஒரு கிளினிக் வாசலில் டூவீலர்களுக்கு டோக்கன் கொடுக்கிற வேலை. பகலில் ரோட்டுச் சத்தம் காதின் சத்தத்தை மூடிவிடும். படுக்கையில் தலை சாய்த்த பிறகுதான் தொல்லை. ஒரே சீராக, மூச்சு விடாத ஒரு ரீங்காரம். கிளினிக் டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நரம்பு தேஞ்சா தேஞ்சதுதாண்ணே. மருந்து கிடையாது. தலைமாட்டுல யாராவது மெதுவாப் பேசிக்கிட்டு இருக்குற மாதிரி ஏதாச்சும் ஓடவிடுங்க. காது அதப் புடிச்சுக்கிரும். இத விட்டுரும்."

முதலில் செல்போனை வைத்துப் பார்த்தார். நல்ல பாட்டாகப் போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் ஒருவன் வந்து வீட்டு மனை வாங்கச் சொல்லிக் கத்துவான். அடுத்து டிவி. அந்த வெளிச்சத்தில் அவர் மனைவி முனீஸ்வரிக்குக் கண் கூசியது. அவர்கள் குடியிருக்கும் ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் ஒரு காலேஜ் விடுதியில் அவளுக்குச் சமையல் வேலை. விடிவதற்கு முன் மூன்றரைக்கு எழுந்தால்தான் முந்நூறு பிள்ளைகளுக்கு இட்லி வெந்து இறங்கும். இரண்டு வாரம் பொறுத்தவள், பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னறைக்குப் போய் ஃபிரிட்ஜ் பக்கத்தில் விரித்துக்கொண்டாள். அது ஆகிவிட்டது எட்டு மாதம்.

"இந்த வயசுல நான் ஃபிரிட்ஜோட குடும்பம் நடத்துறேன்" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரித்தாள். சிவபாண்டியும் சிரித்தார். ஆனால் தினமும் அவள் எழுந்திருக்கிற அழகை அவர் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு கையை ஃபிரிட்ஜிலும் மறு கையை இடுப்பிலும் ஊன்றி, முதலில் முட்டி, அப்புறம் முதுகு, அப்புறம் கழுத்து என்று தவணை முறையில் நிமிர்வாள். தரைக் குளிர் இடுப்பில் இறங்கிவிட்டது. அவளைத் திரும்பக் கட்டிலுக்குக் கொண்டுவர வேண்டும். வெளிச்சமில்லாத ஒரு ரேடியோவைத் தேடத் தொடங்கியது அதற்காகத்தான்.

நார்வேயில் இருக்கும் மகள் பவதாரிணி, விஷயம் தெரிந்ததும் ஊருக்கு வந்த ஒருவரிடம் அழகான ஒரு ரேடியோவைக் கொடுத்தனுப்பினாள். அலாரம் கடிகாரத்தோடு சேர்ந்தது, கைக்கு அடக்கம். போட்டால் மணி காட்டியது. அதற்குக் கீழே ஏதோ ஒரு கோடு இடமிருந்து வலமாக ஓடியது, மறுபடி ஓடியது. மூன்று நாளும் ஓடிக்கொண்டே இருந்தது. மகள் நாளுக்கு நாலு குரல் செய்தி அனுப்பினாள். 'அப்பா, எடது பக்கப் பட்டன அமுக்குனீங்களா? அப்பா, ஜன்னல் பக்கம் வச்சுப் பாத்தீங்களா? அப்பா, ஏன் பதிலே போடல, ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?' கடைசியில் அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். அங்கெல்லாம் ரேடியோ டிஜிட்டல் ஆகிவிட்டதாம். இது அந்த ஊர் அலைக்கு மட்டும் செய்ததாம். நம்மூரில் எதுவும் எடுக்காதாம். "மணி நல்லாக் காட்டுதுத்தா" என்றார் சிவபாண்டி.

ஆகவே ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், முனீஸ்வரி அரை நாள் லீவு போட்டுவர, இருவரும் டவுன்ஹால் ரோட்டுக்குக் கிளம்பினார்கள். ஏறி இறங்கிய முதல் மூன்று கடையிலும் ரேடியோவே இல்லை. நாலாவது கடையில் ராம்கி என்ற விற்பனையாளர் வரவேற்றார். முப்பத்தைந்து வயசு இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, நெற்றியில் வேர்வை.

"ரேடியோவா? வாங்கண்ணே, உக்காருங்கக்கா. என்ன மாதிரி பாக்குறீங்க?"

"கட்டில் பக்கத்துல வைக்கிற மாதிரி, சின்னதா. மணி தெரியணும். சவுண்டு நல்லா இருக்கணும்."

சவுண்டு என்று சொன்னதுதான் அவர் செய்த தப்பு. ராம்கி முகம் மலர்ந்து உள்ளே போய், பானை அளவு உருளை ஒன்றைத் தூக்கிவந்து வைத்தார். சுற்றிலும் கலர் விளக்கு ஓடியது. பொத்தானை அமுக்கியதும் கண்ணாடி மேசை அதிர, அதன்மேல் இருந்த பில் புத்தகம் தானாக நகர்ந்தது.

"எப்புடிண்ணே? தெருவே கேக்கும்."

"தெருவுக்கு எதுக்குய்யா? தெருவுல இருக்குறவன் தூங்கிக்கிட்டுத்தான இருக்கான்."

"அப்ப இந்த அதிர்ற பேஸக் கொறைப்போம்."

"தம்பி, நான் சொல்றதக் கேளு. பெருசா வேணாம். எம்புட்டுச் சின்னதா வச்சாலும் வார்த்தை வார்த்தையாப் புரியணும். அதத்தான் நல்ல சவுண்டுன்னு சொன்னேன்."

ராம்கி குழம்பிப்போனார். பதினாலு வருட அனுபவத்தில் சத்தம் குறைவாக வேண்டும் என்று கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான் போலிருந்தது. அலமாரியின் அடித்தட்டில் குனிந்து தேடி, கடிகாரம் வைத்த சின்ன ரேடியோ மூன்றை எடுத்துத் தூசி தட்டினார்.

ராம்கியின் முதுகுக்குப் பின்னால் முனீஸ்வரி குரல் எழுப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். 'இவன் பழைய சரக்கத் தலையில கட்டப் பாக்குறான்.' சிவபாண்டியும் உதட்டாலேயே சொன்னார். 'இருக்குறதே மூணு. பாப்போம் இரு.' அவளும் அதே மில்லில் நூல் சுற்றும் பகுதியில் இருந்தவள்தான். அந்த இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால், உதட்டைப் பார்த்துப் பேசுவது அங்கே எல்லோருக்கும் வரும். கல்யாணம் பேசுவதற்கு முன்பே அவர்கள் இருவரும் ஊரறியப் பேசிக்கொண்டிருந்தது அப்படித்தான். ஒருவர் காதிலும் விழுந்ததில்லை.

"அண்ணனும் அக்காவும் என்னமோ ரகசியம் பேசுற மாதிரி இருக்கு" என்றார் ராம்கி, அலமாரிக் கண்ணாடியில் அவர்களைப் பார்த்தபடி, திரும்பாமலே.

"வயசான கழுதைகளுக்கு என்ன ரகசியம். நீங்க போட்டுக் காட்டுங்க" என்றாள் முனீஸ்வரி.

போட்டுக் காட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. வெளியே ஷேர் ஆட்டோ, எதிர்க்கடையில் ஆடித் தள்ளுபடி என்று அலறும் குழாய் ஸ்பீக்கர், உள்ளே சுவர் நிறைய டிவி. சத்தத்தைக் கூட்டினால் கேட்டது, குறைத்தால் செத்தது. சின்னச் சத்தத்தைச் சோதிக்க இந்தத் தெருவில் இடமே இல்லை. சிவபாண்டிக்குக் கால் கடுத்தது. போய்விடலாமா என்று கூட நினைத்தார்.

"ஒரு அஞ்சு நிமிசம் சத்தமில்லாத எடம் எங்கயாச்சும் இருக்கா தம்பி?"

ராம்கி யோசித்தார். "மாடில குடோன் இருக்கு. ஆனா வெக்கையா இருக்கும்."

மாடியில் தரையிலிருந்து கூரை வரை ஃபிரிட்ஜ் பெட்டிகளும் தெர்மாகோலுமாக அடுக்கியிருந்தது. கதவைச் சாத்தியதும் தெரு அறுந்துவிழுந்ததுபோல் நின்றது. உடனே சிவபாண்டியின் காதில் மில் ஓடத் தொடங்கியது. சோதிக்க இதுதான் சரியான இடம்.

இரண்டு மிக்சிப் பெட்டிகளைக் கட்டில் அகலத்துக்குத் தள்ளி வைத்தார். ஒன்றில் அவர், இன்னொன்றில் முனீஸ்வரி. அவர் பக்கம் ஒரு முக்காலி, அதன்மேல் ரேடியோ.

"கண்ண மூடிக்க. ஒனக்குக் கேட்டா நீ கையத் தூக்கு. எனக்குக் கேட்டா நான் தூக்குறேன். எனக்குக் கேக்கணும், ஒனக்குக் கேக்கக் கூடாது. அப்புடி எது அமையுதோ அத எடுப்போம்."

"நல்லாருக்குண்ணே, பள்ளிக்கூடம் மாதிரி" என்று ராம்கி முக்காலி பக்கத்தில் குந்தினார்.

முதல் ரேடியோவில் சத்தத்தை ஒன்றில் வைத்தால் ஊமை, இரண்டில் வைத்தால் ஊர்க்கூட்டம். இரண்டு கையும் சேர்ந்து எழுந்தன. அடுத்ததில் ஆள் பேசுகிறானா அண்டாவுக்குள் எவனாவது விழுந்துவிட்டானா என்றே தெரியவில்லை. அதை அவரே வேண்டாம் என்றுவிட்டார். மூன்றாவது, செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக, பார்க்க ஒன்றுமில்லாமல் இருந்தது. ராம்கி ஒன்றில் வைத்தார். சிவபாண்டிக்கு ரீங்காரம்தான் கேட்டது. முனீஸ்வரியின் கை சட்டென்று மேலே போனது. போன வேகத்திலேயே இறங்கியது.

"கொசு" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

இரண்டில் வைத்தார். மில்லின் இரைச்சலுக்கு நடுவே எங்கிருந்தோ ஒரு பெண் குரல் கிளம்பியது. மதுரை வானொலி. ஏதோ அறிவிப்பு. மாதாந்திரப் பராமரிப்புப் பணி, ஒத்தக்கடை துணை மின் நிலையம், நாளை காலை ஒன்பது மணி முதல். ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக, தண்ணீரில் அலசி எடுத்ததுபோல் வந்தது. சிவபாண்டி கையைத் தூக்கினார். திரும்பிப் பார்த்தார். முனீஸ்வரியின் இரண்டு கையும் மடியில்தான் கிடந்தன.

"ஒனக்குக் கேக்கலையா?"

"எது? போட்டாச்சா?"

எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவருக்கு நெஞ்சு லேசானது. "கட்டுங்க தம்பி, இதையே கட்டுங்க" என்றார். பெட்டியைக் கட்டிக் கொடுக்கும்போது ராம்கி, "இத இம்புட்டுக் கேட்டு வாங்குனது நீங்கதாண்ணே. நாலு வருசமாக் கெடக்குது" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். முனீஸ்வரி கணவனைப் பார்த்த பார்வைக்கு உதடே தேவைப்படவில்லை.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சிவபாண்டி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். கோரிப்பாளையம் தாண்டி, தல்லாகுளத்தில் கோர்ட்டுக்கு வந்த கூட்டம் ஏறி நெருக்கியது. முனீஸ்வரி ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தூங்குகிறாள் என்றே அவர் நினைத்தார்.

"வீட்டுக்குப் போனதும் கொடத்துல தண்ணி புடிச்சு வச்சுறணும்" என்றாள் திடீரென்று. "நாளைக்கு ஒம்போது மணிக்கெல்லாம் கரண்டப் புடுங்கிருவாய்ங்க."

சிவபாண்டி உம் கொட்டினார். பஸ் இன்னொரு நிறுத்தம் போனது. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது.

"கரண்டு போகுதுன்னு ஒனக்கு ஆரு சொன்னா?"

முனீஸ்வரி வெளியே போகிற ஒரு லாரியைப் பார்த்தாள். "ஆரோ சொன்னாங்க. ஹாஸ்டல்ல."

"ஹாஸ்டல்லயா?"

"ஆமா."

அவள் காதும் மில்லில் இருந்த காதுதான், ஆனால் அவருடையதுபோல் தேயவில்லை. அவருக்குக் கேட்கிற எதுவும் அவளுக்கும் கேட்கும். அப்படி ஒரு அளவு எந்த ரேடியோவிலும் கிடையாது. இது மிக்சிப் பெட்டியில் உட்கார்ந்தபோதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வரலாமா என்று நினைத்தார். வேறு எதை வாங்குவது? ஒன்றும் தோன்றாமல் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதுகில் பொடி எழுத்தில் ஏதேதோ அச்சடித்திருந்தது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். குறித்த நேரத்தில் தானாக அணையும் வசதி. பதினைந்து முதல் தொண்ணூறு நிமிடம் வரை.

"இந்தா, இதுல நேரம் வைக்கலாம்போல" என்றார். "தானா நின்னுக்கிரும். பதினஞ்சு நிமிசம் வைக்கிறேன்."

"எதுக்குப் பதினஞ்சு? படுத்ததும் தூங்குற ஆளா நீங்க? தொண்ணூறு வைங்க."

"நீ மூணரைக்கு எந்திரிக்கணும்."

"எனக்குத்தான் கேக்கலையே."

"ஒனக்குக் கேக்கலைன்னு எனக்குத் தெரியும்த்தா. இருவது வைக்கிறேன்."

"ஒரு மணி நேரம் வைங்க."

முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். எதையோ விற்கிறார்கள், விலை படியவில்லை என்று நினைத்திருக்க வேண்டும்.

"முப்பது. அதுக்கு மேல கிடையாது."

"முப்பதுக்குள்ள தூக்கம் வரலைன்னா?"

"ஒன்னைய எழுப்பிப் பேசிக்கிட்டு இருப்பேன்."

"அதுக்கு நாப்பத்தஞ்சே வைங்க" என்றாள் முனீஸ்வரி. உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து நின்றது. மறுபடி ஜன்னலில் சாய்ந்துகொண்டாள்.

மாட்டுத்தாவணியில் பாதிக் கூட்டம் இறங்கியது. காற்று உள்ளே வந்தது. சிவபாண்டி அவள் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அப்ப அந்தப் பாய மடிச்சுப் பரண்ல போட்டுறவா?"

அவள் இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சீட்டில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"பரண்ல வேணாம். கதவுக்குப் பின்னால நிக்கட்டும். ஒரு வாரம் பாப்போம்."

"சரி" என்றார் சிவபாண்டி.