காவேரியும் பச்சைக்கல் குழந்தையும்

அரூர் பேருந்து நிலையத்தில் காத்திருப்பவர்களுக்குக் காவேரியின் குரல் தெரியும், முகம் தெரியாது. ‘சேலம் செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது’ என்று ஒலிபெருக்கியில் அவள் சொன்னால் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக வந்து விழும். பதினாறு வருடமாக அந்த வேலை. அது பிளந்து பிறந்த வாய் என்றால் புதிதாக வரும் நடத்துநர்கள் நம்புவதில்லை. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் மேலுதட்டிலிருந்து மூக்குவரை ஓடும் மெல்லிய தழும்பு தெரியும்.

பிறந்தது கம்பைநல்லூர்ப் பக்கம், எண்பதாம் வருடம் புரட்டாசியில். உதடு பிளந்திருந்தது, அண்ணமும் சேரவில்லை. குடித்த பால் மூக்கு வழியாக வந்தது. உறவுக்காரர்கள் உடனே காரணம் கண்டுபிடித்தார்கள். அந்த மாசியில் பட்டப்பகலில் சூரிய கிரகணம் பிடித்தபோது, இரண்டு மாதம் முழுகாமல் இருந்த அம்மா பாஞ்சாலி அரிவாள்மனையில் எதையோ நறுக்கிவிட்டாளாம். அந்த வெட்டுதான் பிள்ளையின் உதட்டில் விழுந்ததாம். அத்தை ராஜாமணி இதை விசேஷத்துக்கு விசேஷம் சொல்லுவாள். பாஞ்சாலி ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அந்தப் பழியோடுதான் போய்ச் சேர்ந்தாள்.

காவேரிக்குப் பதினோரு வயதானபோது தர்மபுரியில் பிளந்த உதட்டுக்கு இலவச மருத்துவ முகாம் நடந்தது. அவளைக் கூட்டிப்போய்ப் பேர் கொடுத்தது எட்டு வயது மூத்த அக்கா செல்லிதான். இரண்டு அறுவை சிகிச்சையில் உதடும் அண்ணமும் சேர்ந்தன. பேச்சு மட்டும் மூக்கிலேயே நின்றது. ‘பால்’ என்றால் ‘மால்’ என்று வந்தது. பேச்சுப் பயிற்சிக்காகச் சனிக்கிழமைதோறும் அக்கா அவளைச் சேலத்துக்குக் கூட்டிப் போனாள். பேருந்திலும் விடமாட்டாள். தங்கையின் மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, “சொல்லு, பப்பாளி” என்பாள். கண்ணாடி மங்கினால் காற்று மூக்கில் போகிறது என்று அர்த்தம். மறுபடி சொல்ல வேண்டும். மூன்று வருடம் இப்படி. இதற்கிடையில் செல்லியைப் பெண் கேட்டு இரண்டு இடம் வந்தது. “இவ பேச்சு நேராவட்டும், அப்பறம் பாக்கலாம்” என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

போன மார்கழியில் செல்லியின் மகள் சுசித்ரா இருவரையும் பெங்களூருக்குக் கூப்பிட்டாள். அங்கே அவளுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனாள். மெக்சிகோ நாட்டில் மூவாயிரம் வருடத்துக்கு முன்பு வாழ்ந்த ஓல்மெக் என்னும் மக்களின் சிலைகள் அங்கே கண்காட்சிக்கு வந்திருந்தன.

நுழைந்ததும் ஆளைவிட உயரமான ஒரு கல் தலை. அசலைப் பார்த்துச் செய்த நகல்.

“யப்பா! தலையே இந்த ஒசரம்னா ஒடம்பு எம்மாம் பெருசு இருந்திருக்கும்?” என்றாள் செல்லி.

“ஒடம்பே கெடையாதும்மா. தலை மட்டுந்தான் செதுக்குனாங்களாம்” என்றாள் சுசித்ரா.

சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் காவேரி நின்றுவிட்டாள். உள்ளங்கை அளவு பச்சைக் கல்லில் ஒரு குழந்தை. வாயின் இரு ஓரமும் கீழே இறங்கியிருந்தன. மேலுதடு மூக்கை நோக்கிச் சுருண்டு ஏறியிருந்தது.

“இது என்னம்மா சுசித்ரா?”

சுசித்ரா பக்கத்திலிருந்த குறிப்பைப் படித்தாள். “மழைச் சாமியா இருக்கலாம்னு சிலர் சொல்றாங்க சித்தி. புலி மாதிரி ஒரு மிருகத்தோட வாய்னு சிலர் சொல்றாங்க. உறுதியா யாருக்கும் தெரியாதாம். ஆனா இந்தப் பச்சைக் கல்லுதான் அவங்களுக்கு ரொம்ப ஒசத்தி.”

“புலியோ சாமியோ, எனக்கு என் வாய் மாதிரிதான் தெரியுது” என்றாள் காவேரி. “கடலுக்கு அந்தாண்ட எவரோ இந்த வாயை ஒசந்த கல்லுல செதுக்கி வச்சிருக்காங்க பாரு. நம்ம அம்மாவ என்னா பேச்சுப் பேசுனாங்க!”

பின்னால் விசும்பல் கேட்டது. திரும்பினால், செல்லி சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

“அம்மா நறுக்குனது எனக்காக, காவேரி.”

“என்னக்கா சொல்ற?”

“கிரகணம் பிடிச்சிருந்துச்சு. எனக்குப் பசி. கொய்யாப்பழம் வேணும்னு அழுதேன். கிரகணம் விடட்டும் இருடின்னுச்சு அம்மா. நான் தரையில உருண்டேன். அப்பறந்தான் அரிவாள்மனையை எடுத்துச்சு. அத்தனை பேரு ஏசுனப்பவும் எம்பேரச் சொல்லல.”

காவேரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு டாக்டரு அன்னைக்கே சொன்னாரே. நீ காதுல வாங்கலையா?”

“காதுல வாங்குனேன். மனசுதான் கேக்கல.”

“அதனாலதான் என்னைச் சேலத்துக்கு இழுத்துக்கிட்டு அலைஞ்சியா?”

“மொதல்ல அதனாலதான்” என்றாள் செல்லி. “ஒருநா நீ பப்பாளின்னு சுத்தமா சொன்ன. பஸ்சே திரும்பிப் பாத்துச்சு. அப்பறம் அந்தச் சந்தோசத்துக்காகவே வந்தேன்.”

“அக்கா, நீ இல்லைன்னா எனக்கு ஏது பேச்சு? அம்மா உன்னைக் காட்டிக் குடுக்கல, நீ என்னைக் கைவிடல. இத்தனை வருசத்துல நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல. இப்பச் சொல்றேன், கேட்டுக்க. நான் நல்லா இருக்கறது உங்க ரெண்டு பேராலதான்.”

காவலாளி ஓடிவந்து, “நீரு பேக்காம்மா?” என்று கன்னடத்தில் கேட்டார். தண்ணீர் வேண்டுமா என்கிறார். செல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பேடப்பா, வேண்டாம்” என்றாள். பிறகு எழுந்துபோய், எந்தச் சாமி என்றே தெரியாத அந்தப் பச்சைக் குழந்தைக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வெளியே வந்து இரண்டு மசால் தோசை சாப்பிட்டாள்.

தை அமாவாசைக்கு உறவெல்லாம் கம்பைநல்லூரில் கூடியது. அக்காவும் தங்கையும் அத்தை ராஜாமணியின் இருபக்கமும் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னார்கள். எண்பது வயதுக் கிழவி நிமிர்ந்து சுவரில் மாட்டியிருந்த பாஞ்சாலியின் படத்தைப் பார்த்தாள்.

“புள்ள பசிக்கு நறுக்குனவளையா நான் அப்படிப் பேசினேன்?” என்றாள். “தப்புடி. பெரிய தப்பு.”

காவேரி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.