எதிர்ப்பாறைக்கு மூன்று மணி நேரம்

அதை நான் பார்த்தது காலை ஏழு மணி சுமாருக்கு. வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எங்கள் மலைக்கிராமமான வெள்ளகவியிலிருந்து பார்த்தால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய பாறை தெரியும். அந்தப் பாறைக்கு முன்னால், அந்தரத்தில், வெள்ளையாக ஒன்று அசையாமல் நின்றது. கைப்பிடி கழன்ற தூக்குவாளி மாதிரி இருந்தது. சத்தமில்லை, புகையில்லை. ஒரு முறம் மிளகைப் பரப்பி முடிக்கிற நேரம் இருந்திருக்கும். அப்புறம் நேரே மேலே போய் மறைந்துவிட்டது.

ஊரில் யாரும் நம்பவில்லை. அதற்குக் காரணம் நான்தான், ஒளிப்பானேன்? இரண்டு காட்டுமாட்டைப் பார்த்தால் ஏழு என்று சொல்கிற வாய் என்னுடையது. கொஞ்சம் உப்பு காரம் சேர்க்காவிட்டால் எனக்குப் பேசின திருப்தியே வராது. ஆனால் இந்தத் தடவை ஒரு சிட்டிகைகூடச் சேர்க்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். குழாயடியில், "இன்னைக்கு ஏதும் எறங்குச்சாக்கா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரோ கேட்பவர்களிடமெல்லாம், "அவளுக்குக் கண்ணாடி மாத்தணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் நம்பவில்லையே என்று எனக்கு அழுகையாக வந்தது.

இரண்டு வாரம் கழித்து விமானப் படையிலிருந்து இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். அதே காலையில் கொடைக்கானலில் ஒருவர் பார்த்துப் போலீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடிவாரத்தில் விசாரித்தபோது யாரோ கேலியாக என்னைக் கைகாட்டியிருக்கிறார்கள்.

எங்கள் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊரே கோயில் என்று நினைப்பு. எல்லையிலேயே அவர்களுடைய பூட்ஸையும் கழற்ற வைத்துவிட்டார்கள். கட்டுமஸ்தான ஆட்கள், சரளைக்கல்லில் கோழி மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து வந்தார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு காப்பி கொடுத்தேன்.

பெரிய அதிகாரி மதுரைக்காரர். வரைபடத்தை விரித்து, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். எல்லாம் நன்றாகத்தான் போனது.

"எவ்வளவு தூரத்துலம்மா நின்னுச்சு?"

"மூணு மணி நேரம் இருக்குங்க சார்."

அவர் மனதுக்குள் ஏதோ கணக்குப் போட்டு, பன்னிரண்டு கிலோமீட்டர் என்று எழுதினார். வரைபடத்தில் அளந்து பார்த்தவர் முகம் மாறியது. "அவ்வளவு தூரத்துல இருந்தா தூக்குவாளி மாதிரியெல்லாம் தெரியாதும்மா. அந்தப் பக்கம் போற ஏரோப்பிளேனா இருக்கும்" என்று பேனாவை மூடினார். கூடவே கொடைக்கானல்காரர் சொன்னதோடும் இது பொருந்தவில்லை என்றார்.

திண்டாடிப் போனேன். வாசலில் கூடியிருந்தவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை விட்டால் சாகிற வரைக்கும் நான் சொல்வது எதுவுமே எடுபடாது என்று தோன்றியது. கோபத்தில் அதிகாரியை வெளியே கூட்டிவந்தேன்.

"அந்தா நிக்கிற பாறைக்கு முன்னாடி நின்னுச்சு சார். பாறையை மறைச்சுக்கிட்டு நின்னுச்சு."

"இதுவா? இது பக்கத்துலதானே இருக்கு! மூணு மணி நேரம்னு சொன்னீங்க?"

"நடந்து பாருங்க. பள்ளத்துல எறங்கி, ஓடையத் தாண்டி ஏறணும். வெரசாப் போனாலே மூணு மணி நேரம். காக்காய்க்குன்னா இந்தா, அந்தான்னு போயிரும்."

அவர் என்னைப் பார்த்தார், பாறையைப் பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். எங்களுக்குத் தூரம் என்றால் நடக்கிற நேரம்தான். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சின்ன அதிகாரி ஒரு கருவியைக் கண்ணில் வைத்துப் பாறையைக் குறிபார்த்தார். ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லையாம். பெரிய அதிகாரி வரைபடத்தில் கோடு போட்டார்: கொடைக்கானல்காரர் கை காட்டிய திசையில் ஒரு கோடு, நான் காட்டிய திசையில் ஒரு கோடு. இரண்டும் பாறைக்கு முன்னால் ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டன.

"பலூனா, வேற ஏதாவதான்னு எல்லாம் விசாரிச்சுட்டோம்மா. அன்னைக்கு இங்க எதுவும் பறக்கல. அது என்னன்னு தெரியலன்னுதான் எழுதப்போறேன்" என்றார். எல்லோருக்கும் கேட்கும்படி கடைசி வரியையும் படித்துக் காட்டினார்: இவர் பார்த்தது உண்மை.

அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரர் மெதுவாக, "என்னையும் ஒரு சத்தம் கூப்பிட்டிருந்தா நானும் பாத்திருப்பேன்ல?" என்றார்.

"கூப்பிட்டேங்க. ரெண்டு தடவை கூப்பிட்டேன். 'உனக்கு வேற சோலி இல்லையா'ன்னு உள்ள இருந்தே கேட்டீங்க."

அன்றிலிருந்து அவர், கோழி முட்டையிட்டிருக்கிறது என்று கூப்பிட்டால்கூடக் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுகிறார்.