மூன்று நாற்பத்திரண்டுக்கு வந்த ராட்சசி

என் வீட்டுக்காரருக்கு இரண்டு ராட்சசிகள். ஒருத்தி நான். இன்னொருத்தி அவருடைய போனுக்குள் இருந்தாள். கல்யாணமான புதிதில் எனக்கு வைத்த செல்லப்பெயரைத் தூக்கி ஒரு விளையாட்டுக் கப்பலுக்கு வைத்த மனிதரை என்ன செய்வது? கேட்டால், "எனக்குத் தெரிஞ்ச பெரிய பலசாலி நீதானடி" என்று பல்லைக் காட்டினார். கோபப்படவும் முடியவில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு வருஷமாக அதே வேலை. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் லிஃப்ட் கதவில்தான் காதை வைப்பார். சொந்தக்காரரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனோம் என்றால், நோயாளியைவிட லிஃப்டைத்தான் அதிக நேரம் விசாரித்துவிட்டு வருவார். "பிரேக் தேஞ்சிருக்கு, யாரும் கண்டுக்கலை" என்று வீடு வந்து சேரும்வரை புலம்பல் வேறு. அவ்வளவு ஜாக்கிரதையான ஆள். அதைத்தான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

லிஃப்ட் வேலையில் பாதி நேரம் காத்திருப்பதுதான். அப்படிக் கீழ்த்தளங்களில் தனியாக நின்று நின்று ஏற்பட்ட பழக்கம் அந்த விளையாட்டு. விண்வெளியில் கிரகம் கிரகமாகப் பிடித்து, இரும்பும் எரிபொருளும் சேர்த்துக் கப்பல் கட்டி, உலகம் முழுக்க இருக்கிற முகம் தெரியாதவர்களோடு மோத வேண்டும். அதில் இருப்பதிலேயே பெரிய போர்க்கப்பல் ராட்சசி. நாலு மாசம் சேர்த்துக் கட்டினார். அவள் ஒருமுறை சுட்டால் எதிரியின் சின்னக் கப்பல்கள் வரிசையாகக் காலி. ஆனால் நடை மட்டும் நிறைமாதக்காரி நடைதான்.

அவளை வைத்துக்கொள்வதில் ஒரு சங்கடம் இருந்தது. ஆள் பார்க்காத நேரத்தில் கப்பல் துறைமுகத்தில் நிற்கக் கூடாது. நின்றால் யாராவது கூட்டமாக வந்து உடைத்துவிடுவார்கள். அதனால் வேலைக்குப் போகும்போதும் தூங்கும்போதும் அவளை எங்கேயாவது தொலைதூரத்துக்கு அனுப்பிவிடுவார். பயணத்தில் இருக்கிற கப்பலை யாரும் தொட முடியாது. திரும்பி வருகிற நிமிஷத்தில் இவர் போனைத் திறந்து மறுபடியும் அனுப்ப வேண்டும். அவள் வந்ததும் போன் ஒருமுறை உறுமும். "பொண்டாட்டியைக்கூட இப்படி நேரம் பாத்து வரவேற்கலையே" என்று நான் திட்டாத நாளில்லை. ஒருநாள் காலையில் ஷூ மாட்டும்போதே சொன்னார், "இன்னிக்கு மூணு நாப்பத்திரண்டுக்கு வர்றா. டீ நேரம், சரியா இருக்கும்."

டீ நேரம் தள்ளிப்போனது. ஒன்பது மாடிக் கட்டடம், பழைய லிஃப்ட். இவரோடு ஆறு வருஷமாக வேலை செய்கிற கூட்டாளி மேலே மோட்டார் அறையில் இருந்தான். கையில் ஸ்பேனர் இல்லாமல் யாரும் அவனைப் பார்த்ததில்லை என்பதால் அவன் பெயரே ஸ்பேனர். கம்பி வடம் ஓடுகிற பெரிய சக்கரத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். இவர் கீழே சுவிட்சுப் பெட்டிக்குக் காவல். அந்தப் பழைய பெட்டியில் பூட்டுப் போட வழியில்லை. அதனால் இவர்களுக்குள் ஒரு ஏற்பாடு. வேலை முடிந்ததும் ஸ்பேனர் ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். இவர் பெயரைப் பார்த்துவிட்டு சுவிட்சைப் போடுவார். ஆறு வருஷத்தில் ஒருநாள்கூடத் தவறியதில்லை.

அன்று சுவிட்ச் போட்டதும் லிஃப்ட் ஓடியது. ஸ்பேனரின் கை சக்கரத்திலேயே இருந்தது. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போயின. அவன் போன் ஒன்பது மாடி ஆழத்தில் விழுந்து தூளானது.

"மிஸ்டு கால் வந்துச்சு, போட்டேன்" என்றார் இவர், ஆபீஸ் விசாரணையில். யாரும் அவர் போனை வாங்கிப் பார்க்கவில்லை. கம்பெனிக்கு வேண்டியது பழி போட ஒரு ஆள். அது கம்பெனியாக இல்லாமலிருந்தால் போதும்.

அதற்கப்புறம் ஆறு வாரம் வீட்டில் பேச்சே இல்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டார், படுக்கச் சொன்னால் படுத்தார். போனைத் தொடவில்லை. கூட்டாளிக்கு இப்படி ஆகிவிட்டதே என்று மனசு விட்டுப்போயிருக்கிறார், பாவம் என்று நினைத்தேன். பாவமாம்!

நான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். ஒரு திங்கட்கிழமை மத்தியானம் ஸ்பேனரின் மனைவி வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய்ப் பாதியாக இளைத்திருந்தாள்.

"மூணு காப்பி போடுங்கக்கா. நாளைக்குக் காலையில ஆபீஸ்ல குடுக்கணும்."

காகிதத்தைக் கண்ணாடிமேல் கவிழ்க்கும்போது படித்துவிட்டேன். 'பிற்பகல் 3.42 மணிக்கு வேலை முடியும் முன்பே நான் தவறுதலாக மிஸ்டு கால் கொடுத்துவிட்டேன். விபத்துக்கு நானே பொறுப்பு.' அவள் கையெழுத்தில் எழுதியிருந்தது. கீழே அவன் இடது கையால் போட்ட கையெழுத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கிறுக்கியது மாதிரி.

"இதைக் குடுத்தா வேலை போயிடுமேடி. நஷ்டஈடும் வராதே."

"நான் சொன்னா கேக்கறாரா? நேரங்கூட விசாரணையில அண்ணன் சொன்னதுதான். அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும், நான்தான் தப்புப் பண்ணிருக்கேங்கறாரு."

மூன்று நாற்பத்திரண்டு. அன்று காலை ராட்சசிக்கு அவர் சொன்ன அதே நேரம். நாலாவது காப்பி ஒன்று எனக்காக எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனதும் அலமாரியில் கிடந்த அவர் போனைச் சார்ஜில் போட்டு அந்த விளையாட்டைத் திறந்தேன். ராட்சசி இல்லை. விபத்து நடந்த அன்று சாயங்காலமே துறைமுகத்தில் வைத்து உடைத்திருக்கிறார்கள். அந்தச் செய்திக்குக் கீழே இன்னொன்று இருந்தது. 'ராட்சசி திரும்பிவிட்டாள். நேரம் 3.42.' அழைப்புப் பட்டியலையும் பார்த்தேன். அன்று பிற்பகல் ஸ்பேனரிடமிருந்து எதுவும் வரவில்லை.

அவர் செருப்பைக் கழற்றுகிறவரைகூட எனக்குப் பொறுமையில்லை.

"ஏங்க, ஸ்பேனர் மிஸ்டு கால் குடுத்தானா?"

"குடுத்தான்னு எத்தனை தடவை சொல்றது?"

"அப்போ ராட்சசி எத்தனை மணிக்கு வந்தா?"

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பாக்கெட்டுல போன் உறுமுச்சு. அவன் கால் வந்தாலும் அப்படித்தானே உறுமும். அவன்தான்னு நெனச்சேன். எப்பவும் பேரைப் பாத்துட்டுத்தானே போடுவேன்? அன்னிக்கு அவளை உடனே திருப்பி அனுப்பணும்னு அவசரம். மொதல்ல சுவிட்சைப் போட்டேன். அப்புறம்தான் போனை எடுத்தேன்." அவரே தொடர்ந்தார், "மேல இருந்து கத்துறான்டி. கையில போன். அதுல அவ வந்துட்டான்னு இருக்கு."

ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. பொய் சொல்வானேன், பயமும் வந்தது. இவர் வேலை போனால் எங்கள் பாடு? அந்தக் காகிதத்தை நான் பார்க்கவே இல்லை என்று இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த நினைப்புக்காக என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. நாலாவது காப்பியை எடுத்து அவர் மடியில் போட்டேன்.

"படிங்க. படிச்சிட்டுக் கிளம்புங்க."

ஸ்பேனர் வீடு மூன்றாவது மாடி. அங்கே லிஃப்ட் கிடையாது. படியேறும்போது இரண்டு இடத்தில் நின்றார். நான் நிற்கவில்லை.

கட்டிலில் உட்கார்ந்து, ஒரு நோட்டில் இடது கையால் கையெழுத்துப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தான் ஸ்பேனர். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கண்ணே! வாங்கண்ணி! இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? ஏய், டீ போடு."

இவர் உட்காரவில்லை. இவரே சொல்லட்டும் என்று நான் கதவோரம் ஒதுங்கிக்கொண்டேன். கடைசியில் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டு, ஒன்றையும் விடாமல் சொன்னார். உறுமியது கப்பல் என்றார். பொய் சொன்னவன் நான்தான் என்றார். சமையலறை வாசலில் டம்ளரோடு நின்ற அவன் மனைவி, "அடப்பாவி" என்றாள்.

ஸ்பேனர் திட்டுவான், எழுந்து அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் மெதுவாகக் கேட்டான்.

"அப்போ நான் குடுக்கலையாண்ணே?"

"இல்லடா."

"நெசமாவா?"

"நீ குடுக்கவே இல்லடா."

"குடுக்கலைன்னுதான் எனக்கு ஞாபகம். ஆனா நீங்க பொய் சொல்ல மாட்டீங்களே. அதனால கைதவறி நான்தான் அமுக்கியிருக்கணும்னு நெனச்சேன். ஆறு வாரமா எந்த விரல்ல அமுக்கினேன்னு யோசிச்சுக்கிட்டே இருக்கேன். இல்லாத விரலை வெச்சு யோசிக்கிறேண்ணே."

இவர் அவன் காலடியில் உட்கார்ந்து அழுதார். ஸ்பேனர் அவரைத் தூக்கவுமில்லை, தள்ளவுமில்லை. நோட்டையும் பேனாவையும் அவர் பக்கம் நகர்த்தினான்.

"எழுதுங்க. எனக்குத்தான் எழுத வராது."

இவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினார். வேலை போகும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். முடித்ததும் ஸ்பேனர் வாசிக்கச் சொன்னான்.

"'எனக்கு மிஸ்டு கால் எதுவும் வரவில்லை. அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை...'"

ஸ்பேனர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"அந்த மொத வரியை இன்னொரு தடவை படிங்கண்ணே" என்றான்.