விளக்கைத் தாழ்த்திய கை

இதில் ஒரு சொல்கூட நான் கூட்டவில்லை. கூட்டிச் சொல்லத் தெரிந்தவர் என் கணவர் தோர்கெல்தான். அவர் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது.

எங்கள் போஹுஸ்லேன் கடற்கரைப் பாறைகளில் மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய மனிதர்கள் கொத்திய படகு உருவங்கள் இருக்கின்றன. பகலில் கண்ணுக்கே படாது. இரவில் ஒருவர் விளக்கைப் பாறையோடு ஒட்டித் தாழ்த்திப் பிடிக்க, பள்ளங்களில் விழும் நிழலை இன்னொருவர் பார்த்து வரைய வேண்டும். முப்பது வருடம் அவர் பிடித்தார், நான் பார்த்தேன்.

கடைசிப் பாறையில் கொத்திய ஒரு ஜோடிப் பாதம் இருக்கிறது என்று சாகும்வரை சொன்னார். "கிழவருக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு" என்று கூட வேலை பார்த்தவர்களே சிரித்தார்கள். நான் சொல்லும் அந்த இரவுக்கு மறுநாள் காலை எட்டு மணிக்கு, மழையும் பனியும் அரிக்காமலிருக்க, அந்தப் பாறையை மண் போட்டு மூடுவதாக இருந்தார்கள். அவர் பேச்சும் பொய்யென்றே புதைந்துபோகும். எனக்கு மனசு ஆறவில்லை. தனியாகப் போனேன்.

இரவு 11.20. பாறை தேயக் கூடாதென்று பூட்ஸைக் கழற்றி, காலுறையோடு ஏறினேன். விளக்கைப் பையின்மேல் சாய்த்துவிட்டு மண்டியிட்டேன். ஒன்றும் தெரியவில்லை.

பழக்கதோஷம்... வாய் தானாகச் சொன்னது. "கொஞ்சம் இறக்குங்க."

வெளிச்சம் இறங்கியது.

பை சரிந்திருக்கும் என்று நினைத்தேன். 11.26. "இடது பக்கம்..."

சர்ர்ர்... கல்லில் விளக்கின் தகரம் உரசியது. வெளிச்சம் நகர்ந்தது.

பாறையில் இரண்டு பாதங்கள் தெரிந்தன. படம் எடுத்தேன்.

"நீங்கதானா? குளிருதா?"

முதுகுக்குப் பின்னால் மூச்சு மட்டும்.

நான் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவாரோ என்று பயம். அழுதேன். பதினோரு மாதத்தில் நான் தனியாக இல்லாத ஒரே இரவு...

12.05. விளக்கு அணைந்தது.

மூச்சும் நின்றது.

காலையில் மண் லாரியோடு ஹென்னிங் வந்தான். சிரித்தவர்களில் அவனும் ஒருவன். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு என் விளக்கைத் தூக்கியவன் முகம் சுளித்தான்.

"ஏங்க்கா, இந்தக் குளிர்ல யார் வீட்டுப் பிள்ளையக் கூட்டிட்டு வந்தீங்க?"

விளக்கின் தகரத்தில் வெள்ளையாகக் கல்மாவு. அதில் ஐந்து விரல் தடம். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரலில் பாதி. தோர்கெலுக்கோ முறம் போலக் கை.

படத்தை வைத்து இடம் தேடி, விரலால் தடவிப் பாதங்களை அளந்தோம். பதினான்கு சென்டிமீட்டர், சின்னக் குழந்தையின் பாதம்.

அவர் சொன்னது நிஜம்தான். ஆனால் வந்தது அவர் இல்லை.