மூன்றாம் இடத்துக் கோப்பை

சின்னக் கல்லூரியில் ஆண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் என்பவர் வருஷத்தில் பத்து மாதம் ஆள் பிடிப்பவர், மீதி இரண்டு மாதம் தோற்பவர்.

கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு இதே பிழைப்பில் இருக்கும் தோழர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் பெங்களூரில் ஒரு கம்பெனி அணிக்கு ஆடி, முட்டி தேய்ந்ததும் அதே கம்பெனியின் ஸ்டோர்ஸில் உட்கார்ந்து, நாற்பத்து மூன்றாம் வயதில் ஊர் திரும்பியவன். எட்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தேன், அதற்குமேல் இங்கிலீஷில். பையன்களைத் திட்டும்போது முன்னது வரும், சமாதானம் சொல்லும்போது பின்னது வரும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே மெயின் ரோட்டில் இருக்கும் ஒரு சுயநிதிக் கல்லூரியில் ஐந்து வருஷமாக வேலை.

பஸ் படியில் குனிந்தவன்

ஆள் பிடிக்க நான் போகிற இடம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு. காலை எட்டு மணிக்கு வத்திராயிருப்பு, சுந்தரபாண்டியம், மம்சாபுரம் பஸ்ஸெல்லாம் அடுத்தடுத்து வந்து நிற்கும். டீக்கடை ஓரமாக நின்றுகொண்டு, இறங்கும்போது எவன் தலை படிக்கு மேலே கதவுச் சட்டத்தில் இடிக்கிறது என்று பார்ப்பேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கல்யாண வீட்டில்கூட மாப்பிள்ளையை விட்டுவிட்டு, பந்தி பரிமாறுகிறவன் உயரத்தை அளக்கிற ஜாதி நாம்.

அப்படி ஒருநாள் மம்சாபுரம் பஸ்ஸிலிருந்து தலையோடு இடுப்பையும் மடக்கி ஒருத்தன் இறங்கினான். பெயர் மாடசாமி. அவன் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை எங்கள் கல்லூரியுடையது. இரண்டாம் ஆண்டு பி.காம். ஒன்றரை வருஷமாக என் கண் முன்னாலேயே நடமாடியிருக்கிறான், நான் ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். பேஸ்கட்பால் ஆடுகிறாயா என்றேன். ஷூ உண்டா, சாப்பாடு உண்டா என்றுதான் பொதுவாகக் கேட்பார்கள். இவன் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டான்:

"ஆடுனா போலீஸ்ல சேத்துக்கிடுவாங்களா சார்?"

பஸ் நிற்கும் கோர்ட்டு

சேர்த்துக்கொள்வார்கள் என்று நான் சொல்லவில்லை. மண்டலப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் சர்டிபிகேட் தருவார்கள், போலீஸ் தேர்வில் அதற்குத் தனி மார்க் உண்டு என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் சித்தப்பா பட்டாளத்தில் இருப்பார், மாமா ஸ்டேஷனில் இருப்பார். காக்கிச் சட்டை என்றால் மாதச் சம்பளம் மட்டுமல்ல, ஊருக்குள் நிமிர்ந்து நடப்பது. மாடசாமி வீட்டில் அதுவரை யாரும் அதைப் போட்டதில்லை. அவன் அப்பா கோயம்புத்தூரில் வாட்ச்மேன், அம்மா பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் தறி ஓட்டுகிறவர். மறுநாள் காலை ஆறு மணிக்கே கோர்ட்டில் நின்றான்.

கோர்ட்டு என்று நான் சொல்வது கல்லூரி பஸ் நிற்கிற இடத்தை. இரண்டு ரிங்குக்கும் நடுவே மூன்று பஸ் நிற்கும். அவை கிளம்பிய பிறகு, கிரவுண்ட் மார்க்கர் செல்லையா அண்ணன் ஆயில் சிந்திய இடத்தில் மரத்தூள் தூவிக் கூட்டி, அழிந்த கோட்டைத் திரும்ப வரைவார். இதைப் பற்றி முறையிடக் கல்லூரி முதல்வரிடம் போனேன். அவர் மேஜையில் ஷெட் போடுவதற்கான எஸ்டிமேட் தயாராக இருந்தது. மனிதர் கோபக்காரர் அல்ல. எனக்குத் தண்ணீர் கொடுத்து, தன்மையாகத்தான் சொன்னார்:

"இந்த வருஷம் ஒரு கப்பு வரட்டும் சார், கோர்ட்டு உங்களுக்கு. வரலைன்னா ஷெட் போட்டுருவோம், பஸ்ஸாவது வெயில்ல காயாம கெடக்கும்."

ராஜபாளையத்துக் கடலைக்காரர்

ராஜபாளையத்தில் பேஸ்கட்பால் பற்றி வாய் திறப்பதற்கு முன் யோசிக்க வேண்டும். மில் ஷிப்ட் முடிந்து வருகிறவர், ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிறவர், எல்லோரும் சின்ன வயதில் ஆடினவர்கள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பையன்களோடு பயிற்சி ஆட்டம் ஒன்றுக்கு என் அணியைக் கூட்டிக்கொண்டு போனேன். பத்துப் பேரில் மூன்று பேர் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்துக்குப் போய்விட்டார்கள். ஒருவன் ஆண்டாள் தேர் இழுக்கப் போனவன், தேர் நிலைக்கு வந்த பிறகும் திரும்பவில்லை. மிச்சம் ஆறு பேர். மீசை முளைக்காத பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் எவ்வளவில் தோற்றோம் என்பதை நான் எழுதப்போவதில்லை.

மாடசாமி மட்டும் விழுந்த பந்தையெல்லாம் எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தான். பிடித்த பிறகு என்ன செய்வது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை. ஆட்டம் முடிந்து பையன்கள் தலைகுனிந்து நின்றபோது, கேலரி ஓரத்தில் கடலை விற்றுக்கொண்டிருந்த பெரியவர் என்னைக் கூப்பிட்டு, கேட்காமலே ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார்.

"அஞ்சும் நல்ல பயலுவதான் சார், ஒருத்தனை ஒருத்தன் பாக்கத்தான் மாட்டேங்கான். அந்த நெட்டையனை விட்டுராதீங்க, உங்களைக் கரையேத்துனா அவன்தான் ஏத்துவான்."

இடது கால்

மண்டலப் போட்டி அந்த வருஷம் ராஜபாளையத்திலேயே ஒரு கல்லூரியில் நடந்தது. காலிறுதியில் எதிரணி வந்த வேன் வழியில் படுத்துவிட்டதால் ஆடாமலே ஜெயித்தோம். அரையிறுதியில் ஆடித் தோற்றோம். அதில் ரிங்கில் பட்டுத் தெறித்த பந்துக்கு எகிறிய மாடசாமி, எதிராளியின் பாதத்தின் மேல் இறங்கினான். முட்டி உள்பக்கமாகத் திரும்பியதை நான் பார்த்தேன். எழுந்து, காலை உதறிவிட்டு, ஓடினான். மறுநாள் காலையில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம். ஜெயித்தால் அவனுக்கு சர்டிபிகேட், எனக்குக் கோர்ட்டு.

காலையில் பஸ்ஸிலிருந்து பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினான். டிராக் பேண்ட்டுக்குள் முட்டி தடித்துத் தெரிந்தது. அம்மா கம்பெனியிலிருந்து கொண்டுவந்த துணியைச் சுற்றோ சுற்றென்று சுற்றியிருக்கிறான். என் முட்டி போன காலத்தில் நானும் இப்படித்தான் இறங்கினேன், இப்படித்தான் மறைத்தேன். அதனால் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வழியில்லை. "வார்ம்-அப் பண்ணிட்டியா?" என்று கேட்டேன். "பண்ணிட்டேன் சார்" என்றான். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

துணைக்கு வந்திருந்த செல்லையா அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்று, "சார், அவன் இடது காலத் தரையில வைக்க யோசிக்கான்" என்றார். செத்த நேரம் ஓடினால் சூடு பிடித்துச் சரியாகிவிடும் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்.

"நீங்க பாத்துட்டீங்கன்னா சரி சார்."

கடைசி ஐந்து நிமிடம்

மூன்றாவது குவார்ட்டர் முடிவில் நான்கு புள்ளி பின்னால் இருந்தோம். மாடசாமி ஓடுவதை நிறுத்திவிட்டு ரிங்குக்கு அடியிலேயே நின்றுகொண்டான். வருகிற பந்தையெல்லாம் ஒற்றைக் காலில் எம்பிப் பிடித்தான். கடைசி ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு தடவை பெஞ்சுப் பக்கம் திரும்பினான். அது எப்படிப்பட்ட பார்வை என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். வெளியே எடுங்கள் என்று அவர்கள் வாயால் கேட்க மாட்டார்கள். நாம்தான் எழுந்து கையைக் காட்ட வேண்டும். நான் ஸ்கோர் போர்டைப் பார்த்தேன்.

ஒரு புள்ளியில் ஜெயித்தோம். கடைசிப் பந்தும் அவன் போட்டதுதான். அதைப் போட்டு விழுந்தவனைப் பையன்கள் தோளில் தூக்கிக்கொண்டார்கள். எல்லோரும் அதைக் கொண்டாட்டம் என்று நினைத்தார்கள், அவனால் நடக்க முடியவில்லை என்பதால் தூக்கினார்கள். கோப்பை ஒரு சாண் உயரம். மறுநாள் முதல்வர் அதை மேஜையில் வைத்துத் துடைத்தார். ஷெட் எஸ்டிமேட்டை என் முன்னாலேயே டிராயருக்குள் போட்டார்.

"பாத்தீங்களா சார், நாம மனசு வச்சா முடியுது."

கேட்டுக்கு வெளியே

முட்டியில் ஜவ்வு கிழிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன் செய்தால் மாதக்கணக்கில் ஓடக்கூடாது, செய்யாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் கைவிடும் என்றார். போலீஸ் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்ததால் மாடசாமி ஆபரேஷன் வேண்டாம் என்றான். எண்ணெய் போட்டு உருவிக்கொண்டே எழுத்துத் தேர்வை நல்லபடியாக எழுதினான். அடுத்தது ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டம். அன்றைக்கு நானும் போனேன். வெளி ஆட்களை உள்ளே விட மாட்டார்கள். கேட்டுக்கு வெளியே, புங்கை மரத்தடியில், டிபன் வாளியோடு நின்ற அப்பாமார்களோடு நானும் நின்றேன். உள்ளே விசில் ஊதும் சத்தம் மட்டும் கேட்டது.

பத்து மணி வாக்கில் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். நல்ல செய்தியோடு வருகிறவன் கேட்டைத் தாண்டுவதற்குள் போனை எடுத்துவிடுவான். மாடசாமி போனை எடுக்கவில்லை. சர்டிபிகேட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் கவரை மார்போடு பிடித்துக்கொண்டு, நடக்கிறவர்களுக்கெல்லாம் வழிவிட்டு மெதுவாக வந்தான். மூன்றாவது சுற்றில் முட்டி மடங்கிவிட்டது. எழுந்து முடித்திருக்கிறான், ஆனால் நேரம் கடந்துவிட்டது. கவரைப் பிரித்து என்னிடம் காட்டினான், நான் அதைப் பார்த்ததே இல்லை என்பது போல.

"ஓடி முடிச்சவங்களுக்குத்தான் இந்த மார்க்கைக் கூட்டுவாங்களாம் சார். அவிய இதைப் பிரிச்சே பாக்கல."

மம்சாபுரத்தில் ஒரு காபி

அடுத்த மாதம் அவன் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் பஸ் ஏறினேன். அவன் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காபி கொடுத்தார். நான் ஆரம்பிப்பதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். "இவன் எல்லாம் சொன்னான் சார். கால் வீங்கிருக்கு, இன்னைக்கு ஆடாதன்னு நீங்க எம்புட்டோ சொன்னீகளாம்ல. கோச்சு பேச்சக் கேக்காம எறங்கிட்டு இப்ப ஒக்காந்துருக்கான் பாருங்க. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாதீக." மாடசாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நீட்டிய காலின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். டம்ளர் காலியாகிவிட்டது என்று நினைத்து அந்த அம்மா இன்னும் கொஞ்சம் ஊற்றினார். குடித்தேன்.

பஸ் ஏற்றிவிட அவனும் கூட வந்தான். ராஜபாளையம் ரோட்டுப் பெட்ரோல் பங்க்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகவும், மதியத்துக்கு மேல் நிற்கத்தான் கஷ்டமாக இருக்கிறது என்றும் சொன்னான். ஏன் அப்படி ஒரு பொய்யைச் சொன்னாய் என்று கேட்டேன். அவன் பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான்.

"என்னைய ஏசுனா சாயங்காலத்துக்குள்ள அது மறந்துரும் சார். உங்களை ஏச ஆரம்பிச்சா நிக்காது."

தோற்ற ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் கல்லூரியில் என்னிடம் விளக்கம் கேட்டு எழுதி வாங்கியிருக்கிறார்கள், ஜெயித்த அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.