பெட்டியைத் திறக்க ஏன் தாமதம்?

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களில் பாதிப் பேருக்கு என்மேல் இன்னும் ஒரு சந்தேகம் இருப்பது எனக்குத் தெரியும். டெல்லியிலிருந்து அண்ணன் வந்த பெட்டியை உடனே திறக்கவிடாமல் நான் ஏன் தடுத்தேன்? உள்ளே வேறு ஆளா? ஏதாவது சொத்துக் கையெழுத்து விவகாரமா? இல்லை, எனக்குப் புத்தி கலங்கிவிட்டதா? கடைசிச் சந்தேகத்தில் மட்டும் கொஞ்சம் நியாயம் உண்டு. பதிலை இங்கே எழுதிவிடுகிறேன்.

அச்சன்புதூரில் பிறந்த அண்ணன், அப்பா சீக்கிரம் காலமானதால் படிப்பைப் பாதியில் விட்டு, புளியங்குடி எலுமிச்சை மண்டியில் மூட்டை கட்டப் போனார். அங்கிருந்து சென்னை. ஓவியங்களையும் சிற்பங்களையும் கண்காட்சிகளுக்குப் பெட்டி கட்டி அனுப்பும் ஒரு கம்பெனியில் சுமை தூக்கச் சேர்ந்து, பெட்டியை வடிவமைக்கும் அளவுக்கு உயர்ந்தார். முதுகு தேய்ந்த பிறகு ஊர் திரும்பி, தென்காசியில் குற்றாலம் போகும் சாலையில் ஒரு கோடவுனை வாடகைக்குப் பிடித்து அதே தொழிலைத் தொடங்கினார். "படத்தைப் பெட்டியில போட்டு அனுப்புததுக்கு ஒரு கம்பெனியாவே?" என்று ஊரே கேட்டது. நானும் கேட்டேன். என் செல்போன் கடையை மூடிய மறுவாரம் அவரிடமே வேலைக்கும் சேர்ந்தேன்.

சேர்ந்ததும் எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. வெள்ளைக் கையுறை மாட்டாமல் அண்ணன் எதையும் தொடமாட்டார். உள்ளே இருப்பது யாருடையது என்று பெற்ற பிள்ளை கேட்டாலும் சொல்லமாட்டார். செய்தியில் சிலைக் கடத்தல் என்று வந்தால் டிவியை அணைத்துவிடுவேன். டீக்கடையில் யாராவது என்னை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தால், மாறுவேடப் போலீஸ் என்று முடிவு கட்டி டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

ஒரு சாரல் காலத்தில் சென்னையிலிருந்து ஏசி வண்டியில் ஆள் உயரப் பெட்டி ஒன்று வந்திறங்கியது.

"திறப்போமாண்ணே?"

"நாளைக்கு."

"ஏன், இன்னைக்கு என்ன?"

"ஏலே, சும்மா கெடக்கட்டும். தொடாத."

போதாதா? உடனே அக்கா வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். சுரண்டையில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் அத்தானை நீங்கள் அறிவீர்கள். "அத்தான், உள்ள சாமி சிலை இருக்கு. நான் அப்ரூவரா மாறிருதேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அத்தான் வந்தார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். "மச்சான், தொறந்து காட்டிருங்க. எம் மவன் போலீஸ் வேலைக்குப் பரீச்சை எழுதிட்டு உக்காந்திருக்கான். குடும்பத்துல ஒரு கேஸுன்னா அவன் கதை அவ்ளோதான்."

அண்ணன் கோபப்படவில்லை. "ஐஸ்ல இருந்து எடுத்த சோடா பாட்டில் வேர்க்குதுல்லா அத்தான்? இதுவும் குளுகுளுன்னு வந்திருக்கு. இந்தச் சாரல் ஈரத்துல சட்டுன்னு தொறந்தா படமும் வேர்த்துரும், பெயிண்டு பொரிஞ்சு போவும். ஒரு நாளு மூடிக் கெடந்து நம்ம காத்துக்குப் பழகணும். சந்தேகம்னா பெட்டி மேல கைய வச்சுக்கிட்டு இங்கனயே உக்காருங்க."

அத்தான் நிஜமாகவே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மதினி கொடுத்தனுப்பிய சாப்பாட்டையும் பெட்டியிலிருந்து கையை எடுக்காமலே சாப்பிட்டார்.

மறுநாள் திறந்ததும் அண்ணன் டார்ச் அடித்து, வழியில் எங்காவது இடித்திருக்கிறதா என்று முதலில் நான்கு மூலைகளையும் பார்த்தார். உள்ளே இருந்தது, சென்னையில் பழுது பார்க்கப்பட்டுத் திரும்பி வந்த, யாரோ ஒரு குடும்பத்துப் பாட்டையாவின் ஓவியம். மீசையை முறுக்கிக்கொண்டு நேராக என்னையே முறைத்தார்.

"இவருதான் நீ சொன்ன சாமியாலே?" என்றார் அத்தான்.

அண்ணன் சிரித்துச் சிரித்துக் கையுறையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஈரமான அந்தக் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்றை மாட்டிக்கொண்டுதான் படத்தைத் தொட்டார். கடைசிவரை என்னை "அப்ரூவரு" என்றே கூப்பிட்டார்.

சென்ற பனிக்காலத்தில், டெல்லிக் கண்காட்சிக்குப் பெட்டிகளோடு போன இடத்தில் அண்ணனுக்கு நெஞ்சுவலி. திருவனந்தபுரம் வரை விமானத்திலும், அங்கிருந்து செங்கோட்டை வழியாக ஆம்புலன்சிலும் பெட்டிக்குள் வந்தார். வாசலில் இறக்கியதும் "தொறங்கப்பா, மொகத்தப் பாப்போம்" என்று கூட்டம் நெருக்கியது. நான் பெட்டிக்குக் குறுக்கே போய் நின்றேன். வாய் தானாகப் பேசியது.

"பொறுங்க. குளிர்ல இருந்து வந்திருக்காரு. கொஞ்சம் நம்ம காத்துக்குப் பழகட்டும்."

யாரோ என் தோளைப் பிடித்து நகர்த்தினார்கள். அப்போது அத்தான் வந்து மூடியின்மேல் கையை வைத்தார். "அப்ரூவரு சொல்லுதாம்லா. செத்த நேரம் இருக்கட்டும்."

மதினி வாயிலிருந்து முந்தானையை எடுத்து, "அவுக அப்படித்தான் வைப்பாக" என்றார். கூட்டம் விலகி நின்றது. தாமதம் அவ்வளவுதான், அதற்குள் வேறு எந்த மர்மமும் இல்லை.

டெல்லியில் அண்ணனுக்குப் பெட்டி கட்டிய அவரது தொழில் நண்பர்களுக்கும், மலைப்பாதை வளைவுகளில் குலுங்காமல் ஓட்டி வந்த டிரைவர் தம்பிக்கும், பெட்டியைச் சாய்க்காமல் இறக்கிய எங்கள் கோடவுன் ஆட்களுக்கும், அன்று என்னைப் பொறுத்துக்கொண்ட உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. திறந்ததும் நான் முதலில் பார்த்தது நான்கு மூலைகளைத்தான். ஒரு கீறல்கூட இல்லாமல் அண்ணன் வீடு வந்து சேர்ந்திருந்தார்.