பச்சை அடித்த மேடு

எதிர்வீட்டில் ஒரு பழைய காருக்கு வர்ணம் அடிக்கிறார்கள். காலையிலிருந்து அந்த ‘உஸ்’ சத்தமும் டர்பன்டைன் வாடையும். மகள் வந்து ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனாள். சாத்தி என்ன, மூக்கில் ஏறியது ஏறியதுதான். எதையும் நினைத்துக்கொள்ள இப்போது எனக்குத் தெம்பில்லை. ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டால் புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் வந்து நிற்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து அங்கே ஆபீஸ் கிளாக்கராகப் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. நன்றாகப் படம் வரைவேன் என்று ஒரு பெருமை வேறு. அதுதான் வினையாயிற்று. லண்டன் முதலாளிமாருக்குக் காட்ட, தோட்டத்தை ஒரு மேசை அளவில் செய்து எடுத்துப்போகத் துரைக்கு ஆசை. காகிதக் கூழில் மலை, தீப்பெட்டிகளில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள், தகரத்தில் ஃபெக்டரி. அளந்து செய்து வர்ணம் பூசுவது என் தலையில் விழுந்தது.

அதற்குத் துரை வரவழைத்துத் தந்தது, காற்றால் வர்ணம் தூவும் எயார் பிரஷ். தடித்த பேனை போல இருக்கும், மேலே ஒரு சின்னக் கிண்ணம். வர்ணம் பால் பதத்தில் இருக்க வேண்டும். தடித்தால் ஊசி அடைத்துக்கொள்ளும், இளகினால் மலை முழுக்க வழியும். முதல் வாரம் மலையைவிட என் கோட்டுத்தான் பச்சையாக இருந்தது. ஆனால் கை படிந்ததும், தூரிகைத் தடமே இல்லாமல் பள்ளத்தில் கரும்பச்சை, மேட்டில் இளம்பச்சை என்று படியும். அந்த அழகில் மயங்கித்தான் போனேன்.

காற்றுக்கு ஒரு கார் டயர். பம்பால் அதை நிரப்பி, குழாய் வழியாக எடுப்போம். பம்ப் அடித்தவள் பாக்கியம். கால் பிசகிக் கொழுந்து பறிக்க மலை ஏற முடியாததால் அவளை அனுப்பியிருந்தார்கள்.

ஒரு நாள் அவள் மலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

“கிளாக்கரய்யா, ஓடைக்கு மேல எங்க குழிமேடு இருக்குங்களே, அத வைக்கலீங்களா?”

தோட்டத்தில் செத்தவர்களைப் புதைக்கும் இடம் அது. அவளுடைய இரண்டு வயதுப் பிள்ளையும் அங்கேதான். தலைமாட்டுக் கற்களுக்காக அவளே முந்தானையிலிருந்து குருணை எடுத்துத் தந்தாள். ஒவ்வொன்றாக ஒட்டினேன். ஒன்றை மட்டும் அவளே ஒட்டினாள்.

“இது எம்புள்ளையோடதுங்க.”

மறுநாள் துரை வந்து பார்த்தார். அங்கே ரப்பர் மரம் வைக்கப் போவதாகவும் அந்த வெள்ளைப் புள்ளிகளை மறைக்கும்படியும் இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனார். நான் தலையாட்டினேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

“இன்னும் கொஞ்சம் காத்தடி, பாக்கியம்” என்றேன். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. மூச்சு வாங்க அடித்தாள். இரண்டு தரம் ‘உஸ்’. மேடு பச்சையாகிவிட்டது.

நிமிர்ந்தவள் பம்பை விட்டாள். “எங்கங்கய்யா, கல்லெல்லாம் காணோம்?”

“இது வெறும் பொம்மையல்லோ. நிலம் எங்கையும் போகாது.”

“தொரமாரு இதத்தானுங்களே பாப்பாங்க” என்றாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

அடுத்த மழைக்கு முன் மேட்டைப் படிகளாக வெட்டி, ஓடையைத் திருப்பி, ரப்பர் கன்று வைத்தார்கள். நான் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

நாலைந்து வருடம் கழித்து, பிள்ளை செத்த திதியன்று ஒரு செம்புப் பாலோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள்.

“நீங்க அளந்து வச்சவங்க. எந்த எடமுன்னு காட்டுங்கய்யா.”

போனேன். மேசையில் அந்த மலையின் ஒவ்வொரு வளைவும் எனக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். ஆனால் அங்கே ஓடை இல்லை, மேடும் இல்லை, ஒரே மாதிரி மரங்கள்தான். மரங்களுக்கிடையே மேலும் கீழும் நடந்து பார்த்தேன்.

“தெரியேல்லை, பாக்கியம்.”

அவள் கோபப்படவில்லை. முதல் மரத்தில் தொடங்கி, ஒவ்வொரு மரத்தடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாலை ஊற்றிக்கொண்டே போனாள். அந்த வரிசை முடியுமுன்னே செம்பு காலியாகிவிட்டது.